பாடம் போகும் வழி, விடை திரும்பும் வழி: தொலைநிலைக் கல்விக்கு ஓர் அறிமுகம்

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக்கொண்டு போகிறார். மூன்றாவது வரியில் ஒரு மாணவி புருவத்தைச் சுருக்குகிறாள். ஆசிரியர் அதைப் பார்த்துவிடுகிறார். அந்த வரிக்குத் திரும்பிப் போய் வேறு விதமாகச் சொல்கிறார். இத்தனையும் நடக்க ஐந்து நொடி போதும். இருவரும் வேறு வேறு ஊரில் இருந்தால் அந்த ஐந்து நொடிக்கு என்ன ஆகும்? தபாலில் அது இரண்டு வாரமாகும். வானொலியில் நடக்கவே நடக்காது. இணையத்தில் ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம். அது பாடத்தை அமைத்தவரைப் பொறுத்தது.

ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் இல்லாமல், நடுவில் ஏதோ ஒரு தொடர்புச் சாதனத்தை வைத்துக்கொண்டு நடப்பது தொலைநிலைக் கல்வி. புதிய சாதனம் வரும்போதெல்லாம் "இனி ஆயிரம் பேருக்குப் பாடம் போகும், லட்சம் பேருக்குப் போகும்" என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. பாடம் போகும் வழி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மாணவரின் விடையும் சந்தேகமும் தவறும் ஆசிரியரிடம் திரும்பி வரும் வழி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் படிப்பு நடக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியே முடிவு செய்கிறது. அதனால் ஒவ்வொரு சாதனத்தையும் இந்த இரண்டு வழிகளையும் வைத்தே பார்ப்போம். கூடவே இரண்டு சிறு கேள்விகள்: ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் அமர்ந்தாக வேண்டுமா? புரியாத இடத்தில் மாணவர் பாடத்தை நிறுத்தித் திரும்பிப் பார்க்க முடியுமா?

ஒரு பென்னியில் போய்த் திரும்பிய பாடம்

1728இல் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் கேலப் பிலிப்ஸ் என்பவர் விளம்பரம் கொடுத்தார். வாரந்தோறும் சுருக்கெழுத்துப் பாடம் அனுப்பிவைப்பதாகவும், வெளியூரில் இருப்பவர்களும் பாஸ்டனில் இருப்பவர்களைப் போலவே தேறலாம் என்றும் அதில் சொன்னார். பாடம் போவது அந்த விளம்பரத்தில் இருக்கிறது. விடை திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திரும்பும் வழி 1840இல் தெளிவாகத் திறந்தது. அதைத் திறந்தது ஒரு தபால் கட்டணச் சீர்திருத்தம். அதற்குமுன் பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறும். பெரும்பாலும் பெறுபவர்தான் கட்ட வேண்டும். வாரம் ஒரு விடைத்தாள் என்று மாணவர்கள் அனுப்பத் தொடங்கினால் ஆசிரியர் கடனாளி ஆகிவிடுவார். 1840 ஜனவரியில் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது: அனுப்புபவர் முன்கூட்டிக் கட்டினால் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி. ஐசக் பிட்மன் அதே ஆண்டில் தம் சுருக்கெழுத்து முறையைத் தபாலில் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவை திருத்தப்பட்டுத் திரும்பி வரும். அஞ்சல்வழிக் கல்வியின் அடிப்படை வட்டம் இதுதான்: பாடம், பயிற்சி, திருத்தம், அடுத்த பாடம்.

பிலிப்ஸும் பிட்மனும் சுருக்கெழுத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுருக்கெழுத்துத் திறமை முழுக்கத் தாளிலேயே பதிகிறது. மாணவரின் கோடு எங்கே வளைந்துவிட்டது என்பதை ஆசிரியர் உறையைப் பிரித்ததும் கண்டுபிடித்துவிடலாம். நீச்சலுக்கோ பாட்டுக்கோ இது பொருந்தாது. எந்தப் பாடத்தில் மாணவரின் தவறு அந்தச் சாதனத்தின் வழியே தெரிகிறதோ, அந்தப் பாடமே அந்தச் சாதனத்தில் முதலில் செழிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து இது மறுபடி வரும்.

1856இல் பெர்லினில் துசான், லாங்கன்ஷைட் என்ற இருவர் மொழிப் பாடங்களை அச்சிட்ட கடிதங்களாக அனுப்பத் தொடங்கினார்கள். தாளுக்குக் குரல் கிடையாது என்பதால் ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்கும் விதத்தைத் தனிக் குறியீடுகளால் எழுதிக்காட்டினார்கள். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்திருந்தாலும் தன் தேர்வை எழுதலாம் என்று அனுமதித்தது. கற்பிப்பவர் ஒருவர், தேர்வு வைத்துப் பட்டம் தருபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அங்கே தொடங்குகிறது. பாஸ்டனில் 1873இல் ஆனா டிக்னர் தொடங்கிய சங்கம் பெண்களுக்குக் கடிதம் மூலம் பாடம் சொன்னது. புத்தகங்களையும் தபாலில் இரவல் கொடுத்தது. 1897 வரை அது நடந்தது. கல்லூரிக் கதவு மூடியிருந்த பெண்களுக்குத் தபால்பெட்டி திறந்திருந்தது என்பது சின்னச் செய்தி அல்ல.

பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் சுரங்கத் தொழில் பற்றிய பத்திரிகை ஒன்றை நடத்திவந்த தாமஸ் ஃபாஸ்டர் 1891இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கினார். மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு எழுத வேண்டும் என்பதால் அதற்குத் தேவை இருந்தது. அவர் மாணவர்கள் பகலெல்லாம் நிலத்தடியில் வேலை செய்தவர்கள். பலர் பள்ளியை முன்பே விட்டவர்கள். ஆகவே பாடம் கூட்டல் கழித்தலிலிருந்தே தொடங்கி, சிறு சிறு கையேடுகளாகப் பிரிக்கப்பட்டு, ஏராளமான படங்களுடன் போனது. தொலைநிலைப் பாடநூல் இன்றும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

பதின்மூன்று நாள் கணக்கு

தபாலில் விடை போக மூன்று நாள், பயிற்றுநர் மேசையில் ஏழு நாள், திரும்பி வர மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பதின்மூன்று நாள். இதில் தபால்துறையின் பங்கு ஆறு நாள்தான். ஏழு நாள் மேசையிலேயே போகிறது. சாதனத்தை மாற்றினால் எல்லாம் விரைவாகிவிடும் என்று நம்புகிறவர்கள் தவறவிடும் இடம் இது. விடைத்தாளை மின்னஞ்சலில் வாங்கினாலும் மேசையில் ஏழு நாள் கிடந்தால் மாணவருக்கு ஒரு வாரம் வீண்தான்.

பதின்மூன்று நாளில் மாணவர் சும்மா இருக்கமாட்டார். மூன்றாம் பாடத்துக்குப் போயிருப்பார், முதல் பாடத்துத் தவறையும் கூடவே எடுத்துக்கொண்டு. திருத்தம் கைக்கு வரும்போது அது எந்தக் கேள்விக்கு எழுதிய விடை என்பதே மறந்திருக்கும். இதைச் சமாளிக்க அஞ்சல்வழி ஆசிரியர்கள் காலப்போக்கில் கண்டுபிடித்த உத்திகள் இணைய வகுப்பிலும் அப்படியே பொருந்துகின்றன. ஒவ்வொரு சில பக்கத்துக்கும் ஒரு சிறு கேள்வி வைத்து, அதன் விடையைப் பாடத்தின் கடைசியில் கொடுக்க வேண்டும்; மாணவர் தன்னைத்தானே சோதித்துக்கொண்டால் ஆசிரியருக்காகக் காத்திருக்க வேண்டாம். திருத்தம் எழுதும்போது "தவறு" என்று மட்டும் போடக் கூடாது. மாணவர் எழுதிய வரியைச் சுட்டி, எந்த அடியில் பிசகியது என்று சொல்லி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். முதல் ஒப்படைப்பு, அதாவது மாணவர் செய்து அனுப்ப வேண்டிய பயிற்சி, மிகச் சிறியதாகவும் படிப்புத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பாதியில் நிற்பவர்களில் பலர் முதல் ஒப்படைப்பை அனுப்பாமலே நிற்பவர்கள். அந்த வாசற்படியைத் தாண்டவைப்பது பெரிய காரியம்.

ஸ்வீடனில் 1898 முதல் இயங்கிய ஹெர்மட்ஸ் என்ற அஞ்சல்வழி நிறுவனத்தில் பணியாற்றிய பியரியே ஹோல்ம்பெரி, பாடநூலே ஆசிரியர் எதிரில் அமர்ந்து பேசுவதுபோல இருக்க வேண்டும் என்ற கருத்தை வளர்த்தார். "இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று எழுதுவது வெறும் நடை அலங்காரம் அல்ல. தாளுக்குள் ஒரு போலி உரையாடலை வைத்து, திரும்பும் வழியின் தாமதத்தை ஓரளவு ஈடுகட்டும் ஏற்பாடு அது.

குரல் வந்தது, பதில் போனது

1920களில் வானொலி வந்தபோது பல பல்கலைக்கழகங்கள் நிலையம் அமைத்தன. பிபிசி 1924இல் பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கியது. தபாலில் இல்லாத இரண்டு நன்மைகள் வானொலியில் கிடைத்தன: குரல், உடனடித் தன்மை. எழுத்தறியாதவருக்கும் பாடம் போய்ச் சேரும். இழந்தவையும் இரண்டு. மாணவரால் பதில் சொல்ல முடியாது. மாலை ஆறு மணிப் பாடத்துக்கு ஆறு மணிக்கு இல்லாவிட்டால் அந்தப் பாடம் போனதுதான்.

இரண்டு இழப்புகளையும் சரிசெய்ய நடந்த முயற்சிகள் பாடத்தைவிடச் சுவையானவை. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் நிலம். அங்கே பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஆல்ஃபிரட் ட்ரேகர் 1929 வாக்கில் ஒரு வானொலிக் கருவியை உருவாக்கியிருந்தார். மின்சாரம் இல்லாத வீட்டில் காலால் மிதித்து மின்சாரம் எடுத்து, செய்தியைப் பெறவும் அனுப்பவும் முடியும். அந்த வலையமைப்பைப் பயன்படுத்தி 1951இல் அலைஸ் ஸ்பிரிங்ஸில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கியது. குழந்தைகள் வீட்டிலிருந்தே ஆசிரியருக்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர்களும் கேட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், சிற்றலையில் இரைச்சல் வரும், பகலுக்கும் மாலைக்கும் அலை பரவும் விதம் மாறும். ஆகவே ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார், குழந்தை பேசி முடித்ததைச் சொல்லும், பிறகுதான் அடுத்தவர். எழுத்துவேலை மட்டும் தபாலில் தனியாகப் போய் வந்தது. முகம் தெரியாத வகுப்புத் தோழர்களின் குரலுக்கு வானொலி, கணக்கு நோட்டுக்குத் தபால் என்ற இந்த வேலைப் பங்கீடு மிகச் சரியானது.

இன்னொரு உத்தி 1970களின் நடுவில் நிகராகுவாவில் கணிதப் பாடத்துக்காக உருவானது. வானொலி ஆசிரியர் "ஐந்தும் மூன்றும் எத்தனை?" என்று கேட்டுவிட்டுச் சில நொடி மௌனமாக இருப்பார். வகுப்பிலுள்ள குழந்தைகள் உரக்கப் பதில் சொல்வார்கள். பிறகு வானொலியே சரியான விடையைச் சொல்லும். பதிவுசெய்த குரலுக்குக் குழந்தையின் பதில் கேட்காது. ஆனால் பதில் சொன்ன மறு நொடியே சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு குழந்தைக்குக் கிடைக்கிறது. இதில் மௌனத்தின் நீளம்தான் சூட்சுமம். நொடி குறைந்தால் மெதுவாக யோசிக்கும் குழந்தை ஒவ்வொரு முறையும் தோற்கும். கூடினால் வகுப்பு சிதறும். உண்மையான குழந்தைகளை வைத்து ஒலித்துப் பார்த்துத்தான் அதை நிர்ணயிக்க முடியும், ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து அல்ல.

விமானம், செயற்கைக்கோள், நள்ளிரவுத் தொலைக்காட்சி

தொலைக்காட்சி அசைவைக் காட்டியது. வேதியியல் வினையை, தையலை, எரிமலையை விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது மேல். ஆனால் தொலைக்காட்சி அலை நேர்கோட்டில்தான் போகும்; பூமி வளைந்தது. 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோபுரத்தை உயர்த்த முடியாவிட்டால் என்ன செய்வது? 1961இல் அமெரிக்காவில் டிசி-6 விமானத்தில் ஒளிபரப்புக் கருவியை ஏற்றி, இண்டியானா மாநிலத்துக்கு மேலே சுமார் 7,000 மீட்டர் உயரத்தில் வட்டமடிக்கவிட்டுப் பல மாநிலப் பள்ளிகளுக்குப் பாடம் ஒளிபரப்பினார்கள். அந்த உயரத்தில் தொடுவானம் 300 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். 1968இல் விமான ஒளிபரப்பு நின்றது.

விமானம் செய்ததை அடுத்துச் செயற்கைக்கோள் செய்தது. இந்தியாவில் 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. கோழிக்கூண்டுக் கம்பிவலை போன்ற வலையில் செய்த, சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கிகள் கிராமத்தில் நின்றன. பாடம் போகும் வழியைப் பொறுத்தவரை இது வியக்கத்தக்க சாதனை. கிராமத்திலிருந்து கேள்வி மேலே போக மட்டும் வழியில்லை.

பின்னாளில் படம் ஒரு வழி, குரல் இருவழி என்ற செயற்கைக்கோள் வகுப்புகள் வந்தன. அவற்றில் ஒரு இயற்பியல் தடை உண்டு. இத்தகைய செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி. கேள்வி கேட்டுப் பதில் காதில் விழ அரை நொடி. கேட்க அற்பமாகத் தோன்றும். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பொதுவாகக் கால் நொடிக்கும் குறைவு. ஆகவே அரை நொடித் தாமதத்தில் "பதில் தெரியவில்லை போலும்" என்று ஆசிரியர் மறுபடி பேசத் தொடங்குவார், அதே கணத்தில் மாணவரின் குரலும் வந்து மோதும். தீர்வு பழைய வான்வழிப் பள்ளியினுடையதே: பெயர் சொல்லிக் கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருப்பது. இணையக் காணொளி அழைப்பு தடுமாறும்போதும் இதைச் செய்யலாம்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் அரச சாசனம் பெற்று 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 20,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். 'வானலைப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில்தான் அந்த யோசனை முதலில் பேசப்பட்டது. பிபிசியில் அதிகாலையிலும் நள்ளிரவிலும் வந்த நிகழ்ச்சிகளே பொதுமக்களுக்குத் தெரிந்த முகம். ஆனால் மாணவரின் வாரத்தில் பெரும்பங்கு அச்சுப் பாடத்துக்குத்தான் போனது. அதோடு, தபாலில் வந்த வீட்டு ஆய்வுப் பெட்டியில் சிறு நுண்ணோக்கியும் வேதிப்பொருள்களும் இருந்தன; ஒப்படைப்பைத் திருத்த ஒரு பயிற்றுநர் இருந்தார்; கோடையில் நேரடி வகுப்பு இருந்தது. இதைப் பார்த்துப் பின்பற்ற நினைத்தவர்களில் சிலர் தொலைக்காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்றுநரை விட்டுவிட்டார்கள். அது மிதிவண்டியில் மணியை மட்டும் கழற்றிக்கொண்டு போனது போல.

ஒலிநாடாவும் வீடியோ கேசட்டும் ஒளிபரப்பின் அடுத்த குறையைத் தீர்த்தன. பாடம் இப்போது மாணவரின் நேரத்தில் ஓடியது. நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். கையில் அச்சிட்ட வரைபடம், காதில் "இப்போது இரண்டாவது வளைகோட்டைப் பாருங்கள்" என்ற குரல் என்று இரண்டையும் இணைத்த ஒலிநாடாப் பாடம், தயாரிப்புச் செலவில் தொலைக்காட்சியின் அருகில்கூட வராது. கணிதத்துக்கும் மொழிக்கும் அது போதுமானதாகவே இருந்தது. பகட்டில்லாத சாதனங்களை வரலாறு எழுதுகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது நியாயமில்லை.

திருத்துபவரின் செலவு

இங்கே பணக்கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் தவறான முடிவுகள் பல இதிலிருந்தே வருகின்றன. ஒரு படிப்பை உருவாக்க 1,000 அலகு செலவு. ஒரு மாணவரின் விடைகளைத் திருத்தி வழிகாட்ட 2 அலகு என்று கொள்வோம். நூறு மாணவர் படித்தால் ஆளுக்கு 12 அலகு. ஆயிரம் பேர் என்றால் 3. பத்தாயிரம் பேர் என்றால் 2.1. எத்தனை லட்சம் பேர் சேர்ந்தாலும் 2க்குக் கீழே இறங்காது. ஜெர்மன் அறிஞர் ஓட்டோ பீட்டர்ஸ் தொலைநிலைக் கல்வியைத் தொழிற்சாலை உற்பத்தியோடு ஒப்பிட்டது இந்த அமைப்பைக் கண்டுதான்: வேலைப் பிரிவினை, முன்திட்டம், பெருமளவு உற்பத்தி. நிர்வாகத்தின் கண் கடைசியில் எப்போதும் அந்த 2இன் மேல் விழும். திருத்துபவரை எடுத்துவிட்டால் ஆளுக்கு 0.1 அலகில் 'கல்வி' கொடுக்கலாம் என்று தோன்றும். பாடம் போகும் வழி மட்டும் மிஞ்சிய படிப்பில் சேர்பவர்கள் ஏராளம், முடிப்பவர்கள் சொற்பம் என்பது வானொலிக் காலத்திலிருந்து மீண்டும் மீண்டும் கண்ட அனுபவம்.

அமெரிக்கக் கல்வியாளர் மைக்கேல் மூர் 1970களில் இதற்கு ஒரு கருத்தாக்கம் கொடுத்தார். தொலைநிலைக் கல்வியில் உண்மையான தூரம் கிலோமீட்டரில் இல்லை. ஆசிரியர் நினைத்ததற்கும் மாணவர் புரிந்துகொண்டதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தூரம். உரையாடல் கூடினால் அது குறையும். பாடம் வளைந்துகொடுக்காமல் இறுகியிருந்தால் கூடும். அது கூடும் அளவுக்கு மாணவர் தாமே வழி கண்டுகொள்ளும் திறமையும் கூடுதலாகத் தேவைப்படும். எண்ணூறு பேர் நிரம்பிய அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவர், வாரந்தோறும் கடிதம் எழுதும் அஞ்சல்வழி மாணவரைவிட ஆசிரியரிடமிருந்து அதிகத் தொலைவில் இருக்கக்கூடும்.

மாணவருக்கு மாணவர் கிடைத்தார்

தொலைபேசி இந்த வரலாற்றில் அடக்கமான பாத்திரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1965 முதல் தொலைபேசி வலையமைப்பில் மருத்துவர்களுக்கும் பிறருக்கும் வகுப்பு நடத்தியது. படங்களையும் தாள்களையும் முன்கூட்டித் தபாலில் அனுப்பிவிட்டால் குரலே போதும் என்று அது காட்டியது.

கணினி இரண்டு வேறுபட்ட பரிசுகளைக் கொண்டுவந்தது. முதலாவது உடனடித் திருத்தம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற அமைப்பு, மாணவர் விடையைத் தட்டியதும் சரியா தவறா என்று சொன்னது. பதின்மூன்று நாள் ஒரு நொடியானது. ஆனால் இயந்திரம் சரிபார்க்கக்கூடிய விடைகளுக்கு மட்டும்.

இரண்டாவது பரிசை முதலில் பலர் கவனிக்கவில்லை. அஞ்சல்வழி மாணவருக்கு ஆசிரியரைத் தெரியும். அதே பாடத்தைப் படிக்கும் இன்னொருவரை ஆயுளில் பார்த்திருக்கமாட்டார். வகுப்பறையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கிசுகிசுத்துத் தீர்த்துக்கொள்ளும் சந்தேகங்கள் அவருக்கு அப்படியே தேங்கிவிடும். பிளேட்டோவில் 1973இல் வந்த குறிப்புப் பலகையும், பிறகு வந்த கணினிவழிக் கலந்துரையாடல் அமைப்புகளும் மாணவரை மாணவரோடு இணைத்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. ஒருவர் இரவில் எழுதியதற்கு இன்னொருவர் காலையில் பதில் எழுதலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1988இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இப்படி இணைத்தது. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவியான மோடத்தில், அன்றைய நொடிக்கு 1,200 பிட் வேகத்தில், 2,000 எழுத்துள்ள ஒரு பக்கம் இறங்கப் பதினேழு நொடி ஆகும். தொலைபேசிக் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியும் எழுதினார்கள். தனிமை அவ்வளவு பெரிதாக இருந்தது.

இந்தக் கலந்துரையாடல் தானாக நடக்காது. மூன்று பேர் மட்டும் இருக்கும் குழு பேச்சற்றுப் போகும். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் யாரும் யாரையும் படிக்கமாட்டார்கள். பதினைந்திலிருந்து இருபத்தைந்து பேர் நடைமுறையில் ஒத்துவரும் அளவு. "பாடத்தைப் பற்றி உங்கள் கருத்தைப் பகிருங்கள்" என்றால் "அருமை" என்ற பதில்தான் வரும். "இந்த இரண்டு தீர்வுகளில் எது எங்கே உடைகிறது? வேறொருவர் சொன்ன ஒரு காரணத்தை எடுத்து மறுத்து எழுதுங்கள்" என்று கேட்டால் உரையாடல் வரும். ஆசிரியர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் எழுதினாலும் பேச்சு செத்துவிடும். ஒரு நாள் பொறுத்து, விட்டுப்போனதை மட்டும் சேர்ப்பது நலம்.

வலையுலகம் வந்தபின் பாடம், ஒப்படைப்பு, கலந்துரையாடல், மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்கள் வந்தன. அவற்றுள் மூடுல் (Moodle) என்ற கட்டற்ற மென்பொருளை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வான்வழிப் பள்ளி வழியாகப் படித்தவர். மிதிவண்டிபோல் மிதித்த வானொலியிலிருந்து இணைய வகுப்பறைவரை ஒரே சங்கிலிதான்.

லட்சம் பேர் சேர்ந்த வகுப்பு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் இலவசமாக வலையில் வைப்பதாக 2001இல் அறிவித்தது. 2008இல் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீவன் டவுன்ஸும் கனடாவில் நடத்திய படிப்பில் இருபத்தைந்து பேர் கட்டணம் கட்டிப் படிக்க, 2,000க்கும் மேற்பட்டோர் இலவசமாகச் சேர்ந்துகொண்டார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தார்கள். கடைசிவரை முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அதற்குப் பின் வந்த பல திறந்த இணையப் படிப்புகளில் முடிப்பவர்கள் பத்து விழுக்காட்டையும் எட்டவில்லை.

இந்தப் பெருவகுப்புகள் நிரலாக்கத்தில் ஏன் முதலில் வெற்றி பெற்றன? நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதை இயந்திரமே சோதித்துவிடும். 1840இல் சுருக்கெழுத்துக்கு நேர்ந்த அதே நல்வாய்ப்பு இது. கட்டுரை எழுதும் பாடங்களில் மாணவர்களே ஒருவர் விடையை மற்றவர் மதிப்பிடும் முறையை வைத்தார்கள். மதிப்பீட்டுக்கான அளவுகோலும், திருத்திக்காட்டிய இரண்டு மூன்று மாதிரி விடைகளும் முதலில் கொடுத்தால் அது ஓரளவு நடக்கும். அவை இல்லாவிட்டால் எல்லோரும் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இப்போது மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் கட்டுரைக்கும் நொடியில் கருத்துச் சொல்கின்றன. திரும்பும் வழியின் வேகம் இதற்கு மேல் கூட முடியாது. ஆனால் தவறான திருத்தமும் அதே உறுதியான தொனியில் வரும். ஆகவே எந்தெந்த விடைகளை மனிதர் பார்ப்பார் என்பதைப் படிப்பை அமைப்பவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். பல இடங்களில் பள்ளியின் கால அட்டவணையை அப்படியே நேரலைக் காணொளிக்கு மாற்றினார்கள். அது ஏன் தடுமாறியது என்பதற்கு எளிய கணக்கு போதும். இருபது பக்கத் தமிழ்ப் பாடம், பக்கத்துக்கு 2,000 எழுத்துக்குறி என்று வைத்தால், ஒருங்குறியின் (யூனிகோட்) UTF-8 முறையில் ஒரு குறிக்கு மூன்று பைட்டாகச் சுமார் 120 கிலோபைட். நொடிக்கு 32 கிலோபிட் வீதத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு 14 மெகாபைட். நொடிக்கு 500 கிலோபிட் வீதத்தில் ஒரு மணி நேரச் சுமாரான காணொளி 225 மெகாபைட். ஒரு மணி நேரக் காணொளி செல்லும் குழாயில் அந்த எழுத்துப் பாடத்தின் 1,800க்கும் மேற்பட்ட பிரதிகள் போகும். ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரே கைபேசியும் என்றால் நேரலை அட்டவணையே ஒரு குழந்தையை வெளியே நிறுத்திவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வீட்டு இணைய இணைப்புகளில் பதிவிறக்க வேகம் அதிகம், பதிவேற்ற வேகம் குறைவு. பாடம் போகும் வழி அகலம், விடை திரும்பும் வழி ஒடுக்கம். கம்பியிலேயே அப்படி அமைந்துவிட்டது. ஆசிரியரின் படம் தெளிவாகத் தெரிய, மாணவரின் குரல் மட்டும் அறுந்து அறுந்து வருவதற்கு இது ஒரு காரணம். மாணவர் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் தட்டச்சு.

ஒரு பாடத்தை இன்று தொலைவிலிருந்து நடத்தத் திட்டமிடுபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? மென்பொருள் பட்டியலிலிருந்து அல்ல. மாணவர் செய்யப்போகும் தவறு எந்த வடிவில் தெரியும் என்பதை முதலில் எழுதுங்கள்: எழுத்திலா, குரலிலா, கை அசைவிலா. எழுத்தில் என்றால் தாளின் புகைப்படமே போதும். உச்சரிப்பு என்றால் ஒரு நிமிட ஒலிப்பதிவு. கைவேலை என்றால் குறுங்காணொளி. அடுத்து, அந்தத் தவறு எத்தனை நாளில் திருத்தப்பட்டாக வேண்டும் என்று குறியுங்கள். அடுத்த பாடம் இதன்மேல் கட்டப்படுகிறதென்றால் மூன்று நாளுக்குள். தனித்து நிற்கும் பாடமென்றால் ஒரு வாரம் தாங்கும். பயிற்றுநரின் நேரத்தைப் பிறகு கணக்கிடுங்கள். ஒரு விடைத்தாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் மணிக்கு ஐந்து. நாற்பது பேருக்கு எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரம் அவருடைய வாரத்தில் இல்லையென்றால் ஒப்படைப்பைச் சிறிதாக்குங்கள், அல்லது பாதியைத் தானே சரிபார்க்கும் வினாக்களாக மாற்றுங்கள். திருத்தாமல் மட்டும் விடாதீர்கள். இவை முடிந்தபின்தான் பாடம் போகும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எழுத்தில் சொல்ல முடிந்ததை எழுத்தில், அசைவு தேவைப்படும் இடத்தில் மட்டும் காணொளி, அதுவும் ஐந்து பத்து நிமிடத் துண்டுகளாக, முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியோடு. நேரலையை வாரம் ஒரு முறை சந்தேகத்துக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம். இணைப்பு அறுந்தால் மாணவர் எந்த எண்ணுக்கு அழைப்பது, விடையை வேறு எந்த வழியில் அனுப்புவது என்ற இரண்டு வரிகளை முதல் பாடத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்த நாளில் அவரால் இணையத்தில் போய் அதைத் தேட முடியாது.